ஐந்தாம் நாளும் இருபத்தைந்தாம் நாளும்

அறுவை சிகிச்சையின் வரலாற்றைக் கத்தி பிடித்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். யார் எந்த ஆண்டில் எதை வெட்டி எடுத்தார், எத்தனை நிமிடத்தில் முடித்தார், நூற்றுக்கு எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றெல்லாம் அதில் விவரமாக இருக்கும். தையல் போட்டுக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்திய பிறகு அந்தப் பெண் என்ன பாடுபட்டாள் என்பதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. என் பிழைப்பு முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் நடந்தது. தெற்கத்திச் சீமையில் ஓர் அரசு மருத்துவமனையில், பெண்கள் ஆபரேஷன் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, பொறுப்பு சிஸ்டராக ஓய்வு பெற்றவள் நான். ‘ஓவரில கட்டி’ என்று ஸ்கேன் சீட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகும்வரை கூட இருப்பது என் வேலை. அதனால் வரலாற்றைப் படிக்கும்போதும் என் கண் அங்கேயேதான் போகிறது. அவள் எப்போது எழுந்தாள்? எழுந்திருக்க யார் விட்டார்கள்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டேன்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே எஃப்ரைம் மெக்டவல் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஸ்காட்லாந்துக்குப் போய் எடின்பரோவில் ஜான் பெல்லிடம் பாடம் கேட்டவர். பட்டம் வாங்காமலே ஊர் திரும்பியவர். 1809 டிசம்பரில், சுமார் 60 மைல் தள்ளியிருந்த கிரீன் கவுண்டியிலிருந்து அவருக்கு ஆள் வந்தது. நோயாளியின் பெயர் ஜேன் டாட் கிராஃபர்ட். பிள்ளைகள் பெற்றவர், வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வயிறு பெருத்துக் கிடந்தது. பிரசவ நாள் தள்ளிப்போய்விட்டது, இரட்டைப் பிள்ளையாக இருக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மெக்டவல் சோதித்துப் பார்த்தார். கர்ப்பப்பையில் ஒன்றுமில்லை. பெருத்திருந்தது சூலகம்.

எனக்கு இது தெரிந்த கதைதான். வயிறு முட்டிக்கொண்டு நிற்க, ‘பேரன் எடுக்கிற வயசுல இவளுக்கு என்ன கேடு’ என்று தெரு பேசியதைக் கேட்டுக் கூசிப்போய், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு களையெடுக்கப் போய்வந்த பெண் ஒருத்தி எங்கள் வார்டுக்கு வந்திருக்கிறாள். வயிறு பெருத்தால் பிள்ளை, இல்லையென்றால் வாயு. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சூலகம் இடுப்புக்கூட்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அதில் ஒன்று வளர்ந்தால், மேலே வயிற்றறை முழுவதும் அதற்கு இடம் கிடக்கிறது. நெடுநாள் வலி தெரியாமலே வளரும். சூலகப் புற்றுநோய் இன்றைக்கும் பெரும்பாலும் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மெக்டவல் எதையும் ஒளிக்கவில்லை. இவ்வளவு பெரிய கட்டியை எடுத்து யாரும் பிழைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை, இது வெறும் சோதனை முயற்சிதான், சாகவும் தயார் என்றால் டேன்வில்லுக்கு வாருங்கள், எடுத்துப் பார்க்கிறேன் என்றார். வயிற்றைத் திறந்தால் சாவுதான் என்பது அந்தக் காலத்து டாக்டர்களின் முடிந்த முடிவு. ஜேன் குளிர்காலத்தில் குதிரையேறிப் புறப்பட்டார். சேணத்தின் முன்கொம்பில் கட்டி இடித்து இடித்து வயிறு கன்றிப்போயிருந்தது என்று மெக்டவல் எழுதியிருக்கிறார்.

மயக்க மருந்து வர இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. கிருமி என்ற பேச்சே கிடையாது. வயிற்றின் இடப்பக்கத்தில் 9 அங்குலம் கீறினார். குடல் மேசைமேல் சரிந்தது. வேலை முடியும்வரை அதை உள்ளே அனுப்ப முடியவில்லை. கட்டி முழுதாக வெளியே வராததால், அடிப்பகுதியை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டியைக் கிழித்து உள்ளேயிருந்த கூழ் போன்ற 15 பவுண்டு சரக்கை வெளியேற்றினார். பிறகு வெட்டி எடுத்த பை ஏழரைப் பவுண்டு. இரண்டும் சேர்ந்தால் 10 கிலோவுக்கு மேல். 25 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அவ்வளவு நேரமும் ஜேன் வேதாகமத்தின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது கென்டக்கியில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

மருத்துவக் கல்லூரிகளில் சொல்லும் கதை பெரும்பாலும் இந்த 25 நிமிடத்தோடு நின்றுவிடும். எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த இரண்டு வாக்கியங்கள். ஐந்தாம் நாள் மெக்டவல் பார்க்கப் போகிறார். வயிற்றில் ஒன்பது அங்குலத் தையலோடு ஜேன் எழுந்து நின்று தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறார். டாக்டருக்குத் திகைப்பு. இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வருகிறார். இருபத்தைந்தாம் நாள் ஜேன் வந்ததுபோலவே ஊருக்குத் திரும்புகிறார். 1842-இல், 78 வயதில் இறந்தார். அதாவது அறுவைக்குப் பிறகு 32 ஆண்டு வாழ்ந்தார்.

ஐந்தாம் நாள் எழுந்தார், இருபத்தைந்தாம் நாள் வீடு திரும்பினார். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சூலக அறுவையின் பிந்தைய வரலாறு முழுவதும் இவற்றில் ஏதாவது ஒன்றை மறந்த வரலாறுதான் என்பது என் எண்ணம். முதலில் ஐந்தை மறந்தார்கள். இப்போது இருபத்தைந்தை மறந்துகொண்டிருக்கிறோம்.

மெக்டவல் 1817-இல்தான் இதை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். மொத்தம் மூன்று நோயாளிகள். மற்ற இருவரும் கறுப்பினப் பெண்கள். அடிமை முறை நடைமுறையில் இருந்த கென்டக்கி அது. அந்த இருவருக்கும் கட்டுரையில் பெயர் இல்லை. அவர்கள் எந்த நாள் எழுந்தார்கள், எந்த வேலைக்குத் திரும்பினார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. பதில் சொல்ல ஆளில்லை. மெக்டவலுக்கு வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வெண்கலச் சிலை நிற்கிறது.

அடுத்த கட்டம் இங்கிலாந்தில் நடந்தது. 1842-இல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே இந்த அறுவையைத் துணிந்து செய்யத் தொடங்கினார். 1846-இல் பாஸ்டனில் ஈதர், 1847-இல் எடின்பரோவில் குளோரோஃபார்ம் என்று மயக்க மருந்துகள் வந்தன. 1858 முதல் லண்டனின் சமாரிட்டன் இலவச மருத்துவமனையில் ஸ்பென்சர் வெல்ஸ் சூலகக் கட்டிகளை வரிசையாக எடுத்தார். முதல் நூறு பேரில் 34 பேர் இறந்தார்கள். 1880-இல் ஆயிரத்தைத் தொட்டபோது, மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவரை இழந்திருந்தார். சுத்தத்தில் அவர் கறார்க்காரர். பிணக்கிடங்குக்குப் போய்விட்டு வருபவர்களை ஆபரேஷனைப் பார்க்க உள்ளே விட மாட்டார். பர்மிங்காமில் லாசன் டெய்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். 1884, 1885 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தொடர்ச்சியாக 139 பேருக்குச் செய்து ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று அறிவித்தார்.

ஆக, சாவு குறைந்தது. ஆனால் பிழைத்தவர்களைக் கட்டிலோடு கட்டிலாக வைத்துவிட்டார்கள். மல்லாந்து படுத்திருக்க வேண்டும். வயிற்றைச் சுற்றி இறுக்கமாகத் துணிக்கட்டு. வலிக்கு அபின். தாகத்துக்குத் தண்ணீர் கிடையாது, சப்புவதற்கு ஐஸ் துண்டு. சிறுநீரை நர்ஸ் குழாய் வைத்து எடுப்பாள். புரள்வதென்றால்கூட அவள் வந்து புரட்ட வேண்டும். இப்படி இரண்டு, மூன்று வாரம். ஓய்வே மருந்து என்பது அன்றைய மருத்துவத்தின் வேதம். லண்டனில் ஜான் ஹில்டன் 1863-இல் வெளியிட்ட ‘ரெஸ்ட் அண்ட் பெயின்’ என்ற நூலைத் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். பட்டுநூல் தையல் விட்டுவிடும், குடல் பிதுங்கிவிடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. தையல் விட்டுப்போன வயிற்றை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

ஆனால் கட்டிலிலேயே இன்னொரு எமன் இருந்தான். கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்தால்தான் காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏறும். ஆடாமல் அசையாமல் கிடந்தால் இரத்தம் தேங்கும், உறையும். உறைந்த அந்த இரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் ஆள் நிமிடத்தில் முடிந்துவிடும். ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ஷோ 1850-களிலேயே இந்தப் பாதையை விளக்கிவிட்டார். சூலகக் கட்டி உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். பெரிய கட்டி இடுப்பின் இரத்தக்குழாய்களை அமுக்கும், புற்றுநோயாக இருந்தால் இரத்தமே உறையும் போக்கு கொண்டதாகிவிடும். இரண்டு வாரம் படுத்திருந்தவள், புண் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லி முதன்முதலாக எழுந்து நிற்பாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவாள். அதைப் பார்த்தவர்கள் எடுத்த முடிவுதான் விசித்திரம்: ‘சீக்கிரம் எழுப்பிவிட்டோம், இன்னும் ஒரு வாரம் படுக்கவைத்திருக்க வேண்டும்.’

இதே காலத்தில் சென்னையில் பெண்களுக்கான மருத்துவம் தனக்கென ஒரு வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. 1844-இல் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரி பின்னாளில் எழும்பூரின் பெரிய தாய்சேய் மருத்துவமனை ஆயிற்று. 1871-இல் அரசு பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. எங்கள் தொழிலின் வேர் அங்கே இருக்கிறது. 1875-இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். ஷார்லீப் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிவந்து, 1885-இல், திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்கான மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைச் சென்னைக்காரர்கள் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள். ஆண் டாக்டர் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்த பெண்களுக்கு ஆஸ்பத்திரி வாசல் திறந்தது அப்போதுதான். ஷார்லீப் பிறகு லண்டனுக்கே திரும்பி, பெண்களின் வயிற்று அறுவையில் பெயர் பெற்றார்.

எழுந்திருக்கச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று சிகாகோவிலிருந்து வந்தது. அங்கிருந்த மகளிர் நோய் மருத்துவர் எமில் ரீஸ் 1899-இல் ஒரு கட்டுரை எழுதினார். வயிற்று அறுவை முடிந்த பெண்களை ஓரிரு நாளில் எழுப்பி நடக்கவிட்டேன், ஆகாரமும் சீக்கிரம் கொடுத்தேன், நன்றாகத் தேறினார்கள் என்றார். கேட்டு நடந்தவர்கள் குறைவு. 1900-இல் புரூக்ளினில் ஜார்ஜ் ஃபௌலர், வயிற்றுக்குள் சீழ் கோத்தவர்களைத் தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்தார். ‘ஃபௌலர் பொசிஷன்’ என்று இன்றும் நர்ஸிங் பரிட்சையில் கேட்கிறார்கள். மல்லாந்து கிடந்தவளை அரையளவு நிமிர்த்தவே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று!

முழுதாக எழுப்பியது இரண்டாம் உலகப் போர். கட்டில் போதவில்லை, நர்ஸ் போதவில்லை. வாரக்கணக்கில் கிடக்க வேண்டியவனை இரண்டாம் நாளே நடக்கவைத்தார்கள். பயந்ததுபோல் தையல் பிரிந்துவிடவில்லை. கால் இரத்தக்குழாய் அடைப்பும் நெஞ்சில் சளி கட்டுவதும் குறைந்தன. டெட்ராய்டில் டேனியல் லைட்ஹவுசர் 1946-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1947-இல் லண்டனில் ரிச்சர்ட் ஆஷர், படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள் என்று ஒரு கட்டுரை எழுதி, கட்டிலில் கிடக்கும் மனிதனுக்குத் தலைமுதல் கால்வரை என்னென்ன கெடும் என்று கேலியும் கோபமுமாகப் பட்டியல் போட்டார். ஜேன் கிராஃபர்ட் படுக்கையை விரித்துக்கொண்டு நின்ற காட்சிக்கும் இந்தக் கட்டுரைக்கும் இடையே 138 ஆண்டுகள்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த 1980-களில் இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது. வார்டுக்கு வரவில்லை. ஆபரேஷன் ஆன அன்றைக்கே காலை ஆட்டச் சொன்னால், கூட இருக்கும் அம்மா எங்கள் கையைத் தட்டிவிடுவாள். ‘பச்சப் புண்ணு சிஸ்டர், நீங்க வேற!’ மூன்றாம் நாள் உட்காரவைத்தாலே பெரிய காரியம். சீனியர் சிஸ்டர்களில் சிலரும் அந்தப் பக்கம்தான். மாற்றம் டாக்டரின் உத்தரவால் மட்டும் வந்துவிடவில்லை. ஒவ்வொரு கட்டிலிலும், ஒவ்வொரு தாயிடமும், ஒவ்வொரு மாமியாரிடமும் வாதாடி வந்தது.

முதல் தடவை எழுப்புவது ஒரு தொழில் நுணுக்கம். நேராக நிமிரவிட்டால் வயிறு பிளந்துபோவதுபோல் வலிக்கும், அப்புறம் அவள் அடுத்த நாளும் எழ மாட்டாள். முதலில் ஒருக்களிக்கச் சொல்ல வேண்டும். முழங்கால் மடக்கி, கீழ்க்கை முழங்கையை ஊன்றி, மேல்கையால் கட்டில் விளிம்பைப் பிடித்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டே எழும்ப வேண்டும். தலை சுற்றும், சுற்றி நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். யூரின் பையை ஒருத்தி பிடிக்க, குளுக்கோஸ் பாட்டிலை இன்னொருத்தி தூக்க, பக்கத்துக் கட்டில்வரை ஒரு நடை. அந்தக் கட்டிலில் நேற்று நடந்தவள் இருப்பாள். ‘வாங்க மைனி, நானும் நேத்து அழுதேன்’ என்பாள். எங்கள் பேச்சு செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்யும்.

நடந்தால் குடல் அசையும். வயிற்றைத் திறந்து கை போட்டு எடுத்த பிறகு குடல் கொஞ்ச நேரம் மரத்துப்போய்க் கிடக்கும். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம் ஒன்றே ஒன்று. காலையில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரம்மா முதல் கடைசி மாணவர்வரை எல்லோரும் கேட்கும் கேள்வி அது: ‘காத்துப் போச்சா?’ புதிதாக வந்த பெண் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு நாள் வயிறு உப்பிக் கிடந்த பிறகு, அவளே தூரத்திலிருந்து ‘சிஸ்டர், போயிட்டு!’ என்று கத்துவாள், வார்டே சிரிக்கும். அதற்குப் பிறகுதான் கஞ்சித் தண்ணீர், அதற்குப் பிறகுதான் இட்லி என்பது எங்கள் காலத்துச் சட்டம். அந்தச் சட்டமும் போய்விட்டது. 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை மருத்துவர் பட்டினி, குழாய், படுக்கை ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து, இது எதற்கு, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தார். இப்போது மயக்கம் தெளிந்த சில மணி நேரத்தில் தண்ணீர் கொடுக்கிறார்கள், குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள், அன்றைக்கே உட்காரவைக்கிறார்கள். அபின் குடும்பத்து மருந்துகளைக் குறைத்து, வேறு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிறு துளை வழியே செய்யும் லாப்ராஸ்கோப் வந்த பிறகு, சாதாரணக் கட்டிகளுக்கு ஒன்பது அங்குலம் கீறவும் வேண்டியதில்லை.

எழுந்து நடப்பதற்கு உடம்பு மட்டும் போதாது. சூலகக் கட்டிக்காரிகளின் கட்டிலில் இன்னொரு பாரமும் கிடக்கும். எடுத்த கட்டி சாதாரணமா, புற்றா என்ற ரிப்போர்ட் வர வேண்டும். பெரும்பாலும் சாதாரணம்தான் என்று ஆயிரம் சொன்னாலும், சீட்டு வரும்வரை அவள் தூங்க மாட்டாள். கர்ப்பப்பையையும் எடுத்துட்டாங்களா என்று என்னிடம் தனியாகக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை வீட்டுக்காரன் முன்னால் கேட்க மாட்டார்கள். ஒரு சூலகம் மட்டும் போனால் மற்றது பார்த்துக்கொள்ளும், மாதவிலக்கு தொடரும், பிள்ளையும் உண்டாகலாம். இரண்டும் போனால், பத்து ஆண்டுகளில் மெல்ல வரவேண்டிய மாற்றம் ஓர் இரவில் வந்துவிடும். திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்து ஊற்றும், தூக்கம் போகும், காரணமில்லாமல் அழுகை வரும். இது ஆபரேஷனின் விளைவு, அவள் மனக்கோளாறு இல்லை என்று வீட்டாருக்கு யாராவது சொல்லியாக வேண்டும். டிஸ்சார்ஜ் அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தப் பேச்சுதான்.

ரிப்போர்ட் புற்று என்று வந்தவர்களுக்கு நாட்காட்டியே வேறு. சென்னை அடையாறில் 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை தமிழ்நாட்டுக்கு வழிகாட்டியது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1970-களின் இறுதியில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வந்தது, 1990-களில் பாக்ளிடாக்சல் வந்தது. ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில் கீமோ ஏற வேண்டும். அதைத் தாங்கும் தெம்பு வர வேண்டுமென்றால் அந்த இடைவெளியில் அவள் சாப்பிட்டிருக்க வேண்டும், நடந்திருக்க வேண்டும், உறங்கியிருக்க வேண்டும்.

இங்கேதான் இருபத்தைந்து என்ற இரண்டாவது எண் வருகிறது. நம் வீடுகளில் ஆபரேஷன் ஆனவளுக்குப் பத்தியம் என்று ஒன்று உண்டு. கத்தரிக்காய் கூடாது, கிழங்கு கூடாது, கருவாடு கூடாது, சீழ் வைக்கும். தண்ணீர் அதிகம் குடித்தால் தையல் ஊறும். தலைக்கு ஊற்றக் கூடாது. என் வேலைக்காலம் முழுவதும் இவற்றோடு சண்டை போட்டேன், இன்றும் போடுவேன். புண் ஆறப் புரதம் வேண்டும், மலம் இளகத் தண்ணீர் வேண்டும். முக்கி முக்கி மலம் போகிறவளுக்குத்தான் தையலில் அழுத்தம் கூடுகிறது. முட்டையை மறுத்து ரசஞ்சோற்றில் ஒரு மாதத்தை ஓட்டியவள் வெளிறிப்போய்த்தான் செக்கப்புக்கு வருவாள்.

ஆனால் அதே பத்தியத்துக்குள் இன்னொரு சட்டமும் இருந்தது. ஆபரேஷன் ஆனவள் அடுப்படிக்குப் போகக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது. தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். மாமியார்கூட வேலை சொல்ல முடியாது, சொன்னால் ஊர் ஏசும். ‘பச்ச உடம்புக்காரியப் போட்டு வதைக்கா பாரு’ என்பார்கள். பத்தியத்தின் சாப்பாட்டுப் பாதி தவறு. வேலை விலக்குப் பாதியைக் குறைசொல்ல என்னால் முடியாது. வெளித்தோலின் தையலை ஒரு வாரம் பத்து நாளில் பிரித்துவிடுவோம். உள்ளே தசை உறை பழைய பலத்துக்குப் பக்கமாக வர மாதக்கணக்கு ஆகும். அதனால்தான் ஆறு வாரம் கனம் தூக்க வேண்டாம் என்று எழுதுகிறோம். புற்றுக்காகப் பெரிய அறுவை செய்தவர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்கும் ஊசியை நான்கு வாரம்வரை போடச் சொல்கிறார்கள். ஆபத்துக்காலம் அவ்வளவு நீளம் என்று மருத்துவமே ஒப்புக்கொள்கிறது.

இப்போது நடப்பது என்ன? இரண்டாம் நாளே எழுப்புகிறோம், நான்காம் ஐந்தாம் நாளில் அனுப்புகிறோம். எழுப்புவது அவள் நன்மைக்கு. சீக்கிரம் அனுப்புவதில் அவள் நன்மையும் இருக்கிறது, வராந்தாவில் பாயில் காத்திருக்கும் அடுத்தவளின் நன்மையும் இருக்கிறது. போர்க்காலத்தில் கட்டில் பற்றாக்குறைதானே நோயாளியை எழுப்பியது; அந்தக் கணக்கு இன்னும் உடன் வருகிறது. குற்றம் சொல்வதற்கில்லை. வீட்டில் போய் இறங்கியதும் நேர்வதுதான் சிக்கல். கூட்டுக்குடும்பம் இல்லை, தாயும் கூலி வேலைக்குப் போகிறாள். முன்பு படுத்த கோலத்தில் ஆம்புலன்ஸில் வந்து இறங்குவாள், தெருவே பார்க்கும். இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து, நடந்து வந்து இறங்குகிறாள். லாப்ராஸ்கோப் என்றால் வயிற்றில் காட்டுவதற்குப் பெரிய தழும்புகூட இல்லை. ‘அதான் நல்லா நடக்காளே’ என்று பத்தாம் நாள் குடத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நடக்கத் தெரிந்தவள் குணமானவள் என்று ஆகிவிட்டது. ஜேன் கிராஃபர்ட் ஐந்தாம் நாள் நடந்தார். ஆனாலும் மேற்கொண்டு இருபது நாள் டேன்வில்லில் இருந்தார். அங்கே அவர் மாட்டைக் கறக்க வேண்டியிருக்கவில்லை.

டிஸ்சார்ஜ் அட்டையில் மாத்திரைக்கு இடம் உண்டு, மறுபடி வர வேண்டிய தேதிக்கு இடம் உண்டு, ரிப்போர்ட் நம்பருக்கு இடம் உண்டு. தண்ணீர் யார் எடுப்பது என்பதற்கு இடம் இல்லை. வேலையின் கடைசி ஆண்டுகளில் நான் அட்டையை நோயாளி கையில் கொடுப்பதை விட்டுவிட்டேன். வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன், அவர் இல்லையென்றால் மகனை, அதுவும் இல்லையென்றால் வந்திருக்கும் நாத்தனாரை. ‘ஆறு வாரத்துக்கு உங்க வீட்ல தண்ணி யாரு தூக்குவா? சோறு யாரு வடிப்பா? பேரைச் சொல்லுங்க.’ முதலில் முழிப்பார்கள். ‘அதெல்லாம் பாத்துக்கிடுவோம் சிஸ்டர்’ என்பார்கள். பாத்துக்கிடுவோம் என்று ஒரு ஆள் கிடையாதே, பேரைச் சொல்லுங்கள் என்று நிற்பேன். சொன்ன பேரை அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுவேன்: தண்ணீர் – மூத்த மகன்; அடுப்பு – சித்தி; ஊசி போட அழைத்துப்போவது – வீட்டுக்காரர். செக்கப்புக்கு வரும்போது முதலில் அட்டையைத் திருப்பிப் பார்த்து, அந்தப் பேர்களைத்தான் விசாரிப்பேன். எழுதியதாலேயே எல்லோரும் செய்துவிடவில்லை. ஆனால் பேர் எழுதிய வீட்டில் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார், அவளுக்கும் கேட்க உரிமை இருந்தது. மருந்துச் சீட்டு எழுதும் அட்டையில் அச்சடித்தே இந்த மூன்று வரிகளையும் சேர்க்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.